நீலம் மாறாத குழாய்

இந்த வருத்தத்துக்குப் பெயர் வைத்தவர்கள் எல்லாரும் சலத்தைப் பார்த்தே வைத்திருக்கிறார்கள். தமிழில் நீரிழிவு, இழிதல் என்றால் இறங்கி ஓடுதல். யாழ்ப்பாணத்துப் பக்கம் இன்றைக்கும் சலரோகம் என்பார்கள். சிங்களத்தில் தியவெடியாவ, நீர் கூடிப்போதல் என்ற பொருள் அதில் உண்டு. வடமொழியின் மதுமேகம் தேன்போன்ற சிறுநீரைச் சொல்கிறது. கிரேக்கர் தந்த டயபிடிஸும் உடம்புக்கூடாக நீர் பாய்ந்துபோவதைத்தான் குறிக்கிறது. தமிழும் சிங்களமும் ஒரே சந்தையில் புழங்குகிற கற்பிட்டிக் கரையின் மாம்புரி, நுரைச்சோலை, தலவில பக்கத்தில் ஒருவர் நீர் இழிகிறது என்பார், மற்றவர் நீர் கூடுகிறது என்பார். இருவரும் சுட்டுவது ஒரே போத்தலை. பெயர் எங்கே இருக்கிறதோ நோயும் அங்கேதான் இருக்கிறது என்று மனம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் சலத்தில் சீனி பார்க்கும் சோதனை இவ்வளவு காலம் கேள்வியில்லாமல் நிலைத்தது என்று நினைக்கிறேன். அந்தச் சோதனையை நினைவுகூருகிறவர்கள் பெரும்பாலும் அன்போடுதான் பேசுகிறார்கள்: ஊசி இல்லை, இரத்தம் இல்லை, நிறத்தைப் பார்த்தால் போதும். அந்த அன்பில் பாதி நியாயமானது. குழாய் சிவந்தபோது சொன்னது பெரும்பாலும் உண்மை. அது நீலமாகவே நின்றபோது நாம் அதன் வாயில் போட்டுக்கொண்ட வார்த்தைதான் கேடு செய்தது.

கண்ணாடிக் குழாயும் ஸ்பிரிட் விளக்கும் இருந்த காலத்துக் கிளினிக்கை நினைவுக்குக் கொண்டுவருவது கடினமில்லை. சாதாரண தரத்து விஞ்ஞானம் படித்த எல்லாரும் அதே சோதனையைப் பள்ளிக்கூடத்தில் குளுக்கோசைக் கொண்டு செய்திருக்கிறார்கள். ஐந்து மில்லிலீற்றர் பெனடிக்ற் கரைசல், கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி. செப்புச் சல்பேற்று தருகிற தெளிந்த நீலம். அதற்குள் எட்டுச் சொட்டுச் சலம். குழாயை மரக் கவ்வியால் பிடித்து, வாய்ப்பக்கத்தை ஆள் இல்லாத திசைக்குச் சரித்து, சுடரில் ஆட்டி ஆட்டிக் கொதிக்கவைக்க வேண்டும். ஆட்டாமல் விட்டால் பொங்கிச் சட்டையில் தெறிக்கும். இரண்டு நிமிடம் கழித்து ஆறவிட்டுப் பார்த்தால் சீனி இல்லாத குழாய் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, அதற்குமேல் மஞ்சள், அதற்குமேல் செம்மஞ்சள், நூற்றுக்கு இரண்டு பங்கைத் தாண்டினால் பாடப்புத்தகம் சொல்கிற அதே செங்கட்டிச் சிவப்பு வீழ்படிவு. நீலச் செப்பு அயனைக் குளுக்கோஸ் தாழ்த்துகிறபோது செப்பு ஒட்சைட்டு அடியில் படிகிற காட்சி அது. கொப்பியில் நிறத்தின் பெயரை எழுதுவார்கள், அல்லது ஒன்று முதல் நான்குவரை கூட்டல் குறி போடுவார்கள். நீலத்துக்கு 'இல்லை' என்று ஒரு சொல். இந்த 'இல்லை'யைத்தான் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும்.

சோதனையின் குலப்பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சலத்தை எறும்பு நாடிவருவதைச் சரக சங்கிதை குறித்து வைத்திருக்கிறது. இலங்கையில் பிரித்தானியர் ஆட்சி தொடங்கிய காலத்தில் இங்கே மருத்துவ அதிகாரியாக இருந்த தோமஸ் கிறிஸ்ரி, இந்தத் தீவில் தான் கண்ட நீரிழிவைப் பற்றி 1811இல் எடின்பரோ மருத்துவ இதழில் எழுதினார். சலம் இனிப்பாகும் வருத்தத்தை உள்நாட்டு வைத்தியர்கள் மதுமேகம் என்ற பெயரோடு முன்பே அறிந்திருந்ததும் அவர் மூலம் அங்கே போய்ச் சேர்ந்தது. அதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்புதான், 1776இல், லிவர்பூல் வைத்தியர் மத்தியூ டொப்சன் நோயாளி ஒருவரின் சலத்தை வற்றக் காய்ச்சி அடியில் சீனிபோன்ற ஒரு பொருள் மிஞ்சுவதைக் காட்டியிருந்தார். ஸ்ரான்லி பெனடிக்ற் தன் கரைசலை 1908இல் தந்தார். 1941இல் அதே வேதியியல் ஒரு குளிசைக்குள் அடங்கியது. குளிசையே கொதித்தது, விளக்குத் தேவையில்லாமல் போயிற்று. 1956இல் தோய்த்து எடுக்கும் கடதாசிக் கீற்று வந்தது. நாக்கிலிருந்து கீற்றுவரை இரண்டாயிரம் வருடத்துக்குக் குறையாத பாதை. ஆனால் பாதை முழுக்க எல்லாரும் பார்த்தது ஒரே இடத்தை. வாசலில் நின்று, வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஊகித்தார்கள்.

வாசலுக்கு ஒரு காவல் இருக்கிறது. சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராம் என்ற சாதாரண அளவில் இரத்தத்தில் சீனி இருந்தால், அந்த நீரோடு 180 கிராம் குளுக்கோஸ் வெளியே வந்துவிடுகிறது. ஆனாலும் சலத்தில் ஏறக்குறைய ஒன்றும் போவதில்லை. வடிந்த குளுக்கோசை உள்ளேயிருக்கும் நுண்குழாய்கள் வழியிலேயே பொறுக்கியெடுத்து இரத்தத்துக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. இப்படிப் பொறுக்குவதற்கு ஓர் எல்லை உண்டு. இரத்தத்தில் சீனி சுமார் 180ஐத் தாண்டினால்தான் மிச்சம் சலத்தில் விழும். கற்பிட்டிப் பக்கத்து உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வரம்புக்கு மேலே நீர் வழிந்தால்தான் வெளித்தரை நனையும். வெளியே நிற்பவனுக்குத் தரை காய்ந்திருப்பது மட்டும் தெரியும், பாத்திக்குள் நீர் அடியில் கிடக்கிறதா வரம்புக்கு ஒரு விரல் கீழே நிற்கிறதா என்பது தெரியாது. இப்போது நோயை வரையறுக்கிற எண்ணை இதன் பக்கத்தில் வையுங்கள்: வெறும்வயிற்றில் 126. 126க்கும் 180க்கும் இடையில் நிற்பவருக்கு நீரிழிவு இருக்கிறது, அவருடைய குழாய் நீலமாகவும் இருக்கிறது. 1997க்கு முன் அந்த எண் 140 ஆக இருந்தது; அதைக் குறைத்தபோது நீலத்துக்குள் ஒளிந்துகொள்ளக்கூடிய இடைவெளி 40இலிருந்து 54 ஆக அகன்றது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் 6.5 வந்தால் நீரிழிவு என்கிறார்கள். அந்த 6.5 இரத்தத்தில் சராசரியாக 140 அளவுக்கு நிகர். வரம்பு அதற்கும் ஒரு முழம் மேலே.

சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்துச் சலத்தை எடுத்தால் பிடிபடுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பழைய கிளினிக்குகளில் விபரமறிந்தவர்கள் அப்படித்தான் எடுக்கச் சொன்னார்கள், அதனால் அகப்பட்டவர்களும் உண்டு. ஆனால் சலம் ஒரு நேரத்துச் செய்தியில்லை. முந்தித் தடவை போனதிலிருந்து இப்போதுவரை பையில் சேர்ந்ததெல்லாம் கலந்து வருகிறது. விடியற்காலைப் போத்தலில் இருப்பது இராத்திரி முழுவதன் சராசரி. அதோடு நிறம் காட்டுவது சீனியின் எடையை அல்ல, நீரில் அதன் வீதத்தை. இந்தக் கரையில் இது சின்ன விடயமில்லை. வள்ளத்தில் இராத்திரி முழுக்கக் கிடந்து, குடித்தது ஒரு போத்தல் தண்ணீர், வேர்த்தது அதைவிட அதிகம் என்று கரைசேருகிறவரின் சலம் சுண்டியிருக்கும். வெங்காயத் தோட்டத்தில் வெயிலில் நின்று கிணற்றடியில் வயிறுமுட்டக் குடித்துவிட்டு வருகிறவருடையது தண்ணீராக இருக்கும். இருவர் உடம்பிலிருந்தும் ஒரே எடை சீனி போனாலும் ஒருவர் குழாய் செம்மஞ்சளாகும், மற்றவர் குழாய் பச்சையோடு நிற்கும். நோன்பு மாதத்தில் அசருக்குப் பின் எடுத்த சலமும் இஃப்தார் கஞ்சிக்கும் பேரீச்சம்பழத்துக்கும் பின் எடுத்ததும் ஒரே மனிதரைப் பற்றி இரண்டு கதை சொல்லும்.

வரம்பின் உயரமும் எல்லாருக்கும் ஒன்றில்லை என்பதுதான் இன்னும் பெரிய சிக்கல். வயது போகப்போக, நீரிழிவு நாள்பட நாள்பட அது உயர்கிறது. சிலருக்கு 200ஐத் தாண்டியும் சலம் சுத்தமாக இருக்கும். அதாவது, யாருக்குச் சோதனை அதிகம் தேவையோ அவர்களிடம்தான் அது அதிகம் ஊமையாகிறது. மறுபக்கம் கர்ப்பிணிகளுக்கு வரம்பு தாழ்ந்துவிடும்; இரத்தம் சரியாக இருக்கும்போதே சலத்தில் சீனி தெரியும். தாய்ப்பால் சுரக்கிற காலத்தில் பாற்சீனியான லக்ரோஸ் கலந்து பெனடிக்ற் கரைசலை மாற்றிவிடும், ஏனென்றால் அந்தக் கரைசலுக்குக் குளுக்கோஸ் எது லக்ரோஸ் எது என்று தெரியாது. இவ்வளவுக்கும் கர்ப்பகால நீரிழிவுக்கு இன்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிற எல்லை வெறும்வயிற்றில் 92. ஒரே கிளினிக் வாங்கில் வரிசையாக இருக்கும் தாய்மாரில் ஒருத்தி வீணாகப் பயந்துபோவாள், பயப்பட வேண்டியவள் சிரித்துக்கொண்டு போவாள். இதெல்லாம் ஊகமில்லை. 1962இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் நகரத்தில் ஏறத்தாழ 25,000 பேரின் சலத்தைச் சேகரித்துப் பார்த்தார்கள். அத்தோடு நிறுத்தாமல், சலம் சுத்தம் என்று வந்தவர்களிலிருந்தும் சிலரைக் குலுக்கலில் எடுத்துக் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து இரத்தத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்குள்ளும் சீனி மிகுந்தவர்கள் இருந்தார்கள். நீலத்தை நம்பாமல் திரும்பிப்போய்ப் பார்த்தார்களே, அந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது அந்த ஒரு செயல்தான்.

ஆனாலும் எங்கள் வாப்பாமாரும் அப்பாமாரும் அந்த நிறங்களை வைத்துத்தானே இன்சுலின் போட்டு வாழ்ந்தார்கள் என்பது அடுத்த வாதம். பிழைத்திருந்தவர்கள்தான் நினைவுகூரப்படுகிறார்கள் என்பதை முதலில் கவனிக்க வேண்டும். சிவப்புக்கு இவ்வளவு, செம்மஞ்சளுக்கு இவ்வளவு, மஞ்சளுக்கு இவ்வளவு, பச்சைக்கு ஐந்து அலகு, நீலத்துக்கு ஒன்றுமில்லை என்று ஒரு படிக்கட்டுக் கணக்கு வார்டுகளில் உண்மையாகவே இருந்தது. வேறு வழியில்லாத காலத்தில் அது அறிவான ஏற்பாடு. அதை ஏளனம் செய்கிறவர், கையில் மீற்றர் இல்லாமல் ஒரு நாள் அந்த வார்டை நடத்திப் பார்க்கட்டும். ஆனால் கணக்கின் ஓட்டை அதன் கடைசிப் படியில் இருந்தது. இரத்தத்தில் 170 இருந்தாலும் குழாய் நீலம். 40க்கு இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினாலும் குழாய் அதே நீலம். மாலை நான்கு மணிக்குப் பையில் சேர்ந்த சீனி ஆறு மணிக்கு எடுத்த சலத்தைப் பச்சையாக்கும். அதற்குள் இரத்தத்தில் சீனி இறங்கத் தொடங்கியிருக்கும். அந்தப் பச்சையைப் பார்த்து இன்னும் ஐந்து அலகு ஏற்றப்படும். 1964இல் இரத்தச் சொட்டுக்கான கீற்றும் 1970இல் அதை வாசிக்கும் முதல் மீற்றரும் வந்தபோது வைத்தியர்கள் ஆறுதல் பட்டதற்குக் காரணம் நுணுக்கம் மட்டுமல்ல. தாழ்ந்த பக்கமும் ஒரு எண்ணாகத் தெரிந்தது அப்போதுதான்.

செலவு என்ற மறுப்பைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். ஒரு பெனடிக்ற் சோதனைக்கு ஆகிற காசில் மீற்றர் கீற்று ஒன்றின் மூலையைக்கூட வாங்க முடியாது. கீற்று வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022இல் டொலர் இல்லாமல் மருந்துகளே வராமல் நின்றதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். கடற்காற்றில் மூடி சரியாகப் பூட்டாத டப்பாவுக்குள் கீற்று ஈரம்பிடித்துப் பிழையான எண் காட்டுவதும் உண்டு. இந்த நிலையில் மலிவான சோதனையைக் கைவிடச் சொல்வது வசதியுள்ளவன் பேச்சு என்று தோன்றலாம். சிவந்த குழாயைப் பார்த்து ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதில் எனக்கு ஆட்சேபனையே இல்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் அது ஒன்று. ஆட்சேபனை, நீலத்தைப் பார்த்து ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதில். 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் வடக்கும் கிழக்கும் தவிர்ந்த ஏழு மாகாணங்களில் எடுத்த ஆய்வில் 20 வயதைத் தாண்டியவர்களில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு அதுவரை அது தெரியாது. தெரியாத காலம் சும்மா கழிவதில்லை. பிரித்தானியாவில் 1977இல் தொடங்கிய யூகேபிடிஎஸ் ஆய்வில், நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் கண் விழித்திரையில் அப்போதே பழுது இருந்தது. அந்தப் பழுது ஏற்பட எடுத்த வருடங்களில் அவர்கள் ஆரோக்கியமானவர்களாகவே எண்ணப்பட்டிருந்தார்கள். மலிவு என்பதை அந்த வருடங்களையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் என்ன வரும்? 2011அளவில் இங்கே தொடங்கிய ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் நடுவயதுக்காரரை இலவசமாக அழைத்து விரல்நுனி இரத்தத்தைப் பார்க்கின்றன. அங்கே போவதற்கு ஆகும் செலவு பஸ் காசும் ஒரு காலைக் கூலியும். அந்தக் கூலி சின்னதென்று சொல்லமாட்டேன்.

வீட்டுச் சோதனை ஒன்றும் இன்னும் உயிரோடு இருக்கிறது: சலம் விட்ட இடத்தில் எறும்பு வருகிறதா என்று பார்ப்பது. வரம்பைத் தாண்டாத சீனியை எறும்பும் காணாது. பெனடிக்ற் குழாய்க்குள்ள குறை அத்தனையும் எறும்புக்கும் உண்டு, எறும்பு அன்றைக்கு அந்தப் பக்கம் வராமல் போகிற குறை வேறு. போத்தலின் கதை தனி. பாணி இருந்த போத்தலை அவசரத்தில் அலசிக் கொண்டுபோனால் ஒட்டியிருந்த பாணி குழாயை நிறம் மாற்றும். வெளுக்கும் தூளால் கழுவினால் பிற்காலத்துக் கீற்றுச் சோதனை இல்லாத சீனியைக் காட்டும். விற்றமின் சி மிகுந்தால் பெனடிக்ற் இருக்கிறது என்னும், கீற்று இல்லை என்னும். ஒரு வேடிக்கை: தேத்தண்ணிக்குப் போடுகிற சீனியை அள்ளிச் சலத்துக்குள் போட்டாலும் பெனடிக்ற் குழாய் அசையாது. கடைச் சீனியான சுக்குரோசுக்குச் செப்பைத் தாழ்த்தும் குணம் கிடையாது. ஊரெல்லாம் 'சீனி' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட சோதனைக்குச் சீனியையே அடையாளம் தெரியாது.

போத்தல் கிளினிக்கை விட்டுப் போய்விடவில்லை. இன்றும் கொண்டுவரச் சொல்கிறார்கள், இப்போது பெரும்பாலும் அல்புமின் புரதத்துக்காக. சிறுநீரகத்தின் வடி கிழியத் தொடங்குவதை அது எல்லாவற்றுக்கும் முந்திச் சொல்லும். இன்சுலின் இல்லாமல் மூச்சிளைத்து வருகிறவரிடம் கீற்றோன் பார்ப்பதும் அதே சலத்தில்தான். சலம் எதைச் சொல்லத் தகுந்ததோ அதைக் கேட்கிறார்கள். சீனிக் கதையில் மட்டும் அண்மையில் ஒரு தலைகீழ் மாற்றம் நடந்துவிட்டது. அப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835இல் புளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தார்கள். 1886இல் ஜேர்மனியரான யோசப் ஃபொன் மேரிங், அதைக் கொடுத்தால் சலத்தில் சீனி கொட்டுவதைக் காட்டினார். அது பிடிக்கிற இடம், குளுக்கோசைப் பொறுக்கியெடுக்கும் அந்த நுண்குழாய்கள். அந்த வழியில் உருவாக்கிய டபாகிளிஃப்ளோசின் 2012இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது; பிறகு எங்கள் பாமசிகளுக்கும் வந்தது. இது வரம்பை வேண்டுமென்றே வெட்டித் தாழ்த்துகிற மருந்து. நீரிழிவுக்காரர் ஒருவரின் உடம்பிலிருந்து நாளுக்குச் சுமார் 70 கிராம் குளுக்கோஸ், 14 தேக்கரண்டி அளவு, சலத்தோடு போகவைக்கும். இரத்தத்தில் சீனி அடங்கி, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை கிடைத்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய சலத்தைப் பழைய குழாயில் ஊற்றிக் கொதிக்கவைத்தால் செங்கட்டிச் சிவப்புக்குப் போய்விடும். பக்கத்து வீட்டில், ஒரு நாளும் இரத்தம் காட்டாதவர் 160இல் நின்றுகொண்டு நீலம் காட்டுவார். வேலியோரம் எறும்பு மொய்ப்பது மருந்தை ஒழுங்காக எடுக்கிறவரின் பக்கத்தில்.